மோட்டாரை மாற்றியும் போகாத ஓவர்லோடு அலாரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கணினி ஓட்டும் சி.என்.சி மெஷினில் ஏதோ ஒரு ஆக்சிஸ் (மேஜையையோ தலையையோ ஒரு திசையில் நகர்த்தும் அச்சு) ஓவர்லோடு என்று சொல்லி நின்றுவிடுகிறது, ரீசெட் செய்தால் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் வெர்டிகல் மெஷினில் எக்ஸ் ஆக்சிஸ், ஓடத் தொடங்கி இரண்டு இரண்டரை மணி நேரத்தில் ஓவர்லோடு அலாரம் காட்டி நிற்கிறது. மோட்டார் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் டிரைவையும் மாற்றிப் பார்த்தோம். அலாரம் போகவில்லை. இனி எதை மாற்றுவது சார்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அளந்து பாருங்கள்.

ஓவர்லோடு அலாரம் என்பது மோட்டார் கொடுக்கும் புகார். என்னிடம் அளவுக்கு மீறி வேலை வாங்குகிறார்கள் என்கிறது. புகார் கொடுத்தவரை அனுப்பிவிட்டு அதே இடத்தில் புது ஆளை உட்கார வைத்தால், அவரும் இரண்டு மணி நேரத்தில் அதே புகாரைத்தான் கொடுப்பார். உங்களுக்கு நடந்தது அதுதான்.

டிரைவ் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மோட்டார் சுருளில் உண்டாகும் சூடு, ஓடும் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. மோட்டாரின் சுமையைச் சதவீதத்தில் சொல்லும் லோடு மீட்டர் 100 காட்டினால், அது மோட்டார் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய அளவு. 130 காட்டினால் சூடு 1.3 மடங்கு இல்லை, 1.69 மடங்கு. 150 என்றால் 2.25 மடங்கு. டிரைவ் இந்தச் சூட்டை உள்ளுக்குள் கூட்டிக்கொண்டே வரும், ஆறும் நேரத்தைக் கழித்துக்கொண்டே வரும், கணக்கு எல்லையைத் தாண்டியதும் அலாரம் போடும். அதனால்தான் ரேபிடில், அதாவது வெட்டாமல் முழு வேகத்தில், கிளம்பும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் 200ஐத் தாண்டினாலும் ஒன்றும் ஆகாது, வெறும் 115 மணிக்கணக்கில் தொடர்ந்தால் நின்றுவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. டூல் எதுவும் வேலைப்பொருளைத் தொடாமல், மேஜையில் பொருள் இருந்தால் அதையும் இறக்கிவிட்டு, எக்ஸை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிமிடத்துக்கு 500 மி.மீ வேகத்தில் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு 50 மி.மீ-க்கும் லோடு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது ஒரு வரிசை. காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, அலாரம் வந்த உடனே ஒரு முறை. இந்த நான்கு வரிசை எண்கள் சொல்லும் கதையை எந்தப் புது மோட்டாரும் சொல்லாது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உயர்ந்திருந்தால் எண்ணெய், ஜிப் (சறுக்கும் பாகத்தின் இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) இறுக்கம், பேரிங் பிரீலோடு (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்த அளவு) பக்கம் பாருங்கள். மோட்டார் சுற்றும் ஸ்க்ரூவில் ஓடி மேஜையை நகர்த்தும் நட்டு, கடைசிப் பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) பக்கத்தில் போகப் போக லோடு ஏறினால் ஸ்க்ரூவும் நட்டும் ஒரே கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். ஸ்க்ரூவின் நடுப்பகுதி நீளமாக இருப்பதால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், பேரிங் ஓரத்தில் வளைந்துகொடுக்க இடமில்லை, அதனால்தான் கோளாறு அங்கே தலைகாட்டுகிறது. லோடு அலை அலையாக ஏறி இறங்கினால், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை மி.மீ என்று பாருங்கள். உங்கள் ஸ்க்ரூவின் லீடு, அதாவது ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம், 10 மி.மீ என்று வைத்துக்கொள்வோம், அலையும் சரியாக 10 மி.மீ-க்கு ஒன்று வந்தால், கோளாறு ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுகிற எதிலோ இருக்கிறது. வளைந்த ஸ்க்ரூ, ஓரமாகப் பிடித்த கப்ளிங் (மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைப்பது), கோணலாக உட்கார்ந்த பேரிங், இவற்றில் ஒன்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் துள்ளினால், அது பெரும்பாலும் கவர் அல்லது மேஜை சறுக்கும் வழியில் (ஸ்லைடுவே) விழுந்த அடி.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த "இரண்டு மணி நேரம்". காலையில் சரியாக இருந்து சூடானபின் மோசமாகிறது என்றால் ஸ்க்ரூ நீள்வதை நினைத்துப் பார்க்க வேண்டும். எஃகு ஸ்க்ரூ ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். 10 டிகிரி ஏறினால் 0.12 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் மறுமுனையில் நகர்ந்துகொடுக்க வேண்டிய பேரிங் ஹவுசிங்குக்குள் துருப்பிடித்தோ ஒட்டியோ சிக்கிக்கொண்டிருந்தால் அந்த 0.12 மி.மீ போக இடமில்லாமல் பேரிங்கை அழுத்தும், அழுத்தினால் பேரிங் இன்னும் சூடாகும், சூடானால் ஸ்க்ரூ இன்னும் நீளும். மோட்டார் பக்கத்துப் பேரிங், மறுமுனைப் பேரிங், நட்டு மூன்றையும் ஓடி நின்றபின் வெப்பமானியால் அளந்து பாருங்கள். எது மற்ற இரண்டைவிடத் தனியாகச் சுடுகிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் வழியை மூடியிருக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் தகடுகளால் ஆன டெலஸ்கோபிக் கவரைத் திறந்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு பட்டறையில் இதே எக்ஸ் ஆக்சிஸ், ஸ்க்ரூ ஆர்டர் போடும் நிலைக்குப் போய்விட்டார்கள். கவரைக் கழற்றினோம். கடைசித் தகட்டின் ரப்பர் வைப்பர் உள்பக்கமாகச் சுருண்டிருந்தது, அந்தச் சுருளுக்குள் வார்ப்பிரும்புத் தூளும் எண்ணெயும் கூலன்டும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகிப்போய், ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் பெயர்க்க முடிந்தது. கவர் இல்லாமல் ஓட்டியபோது 62 காட்டிய லோடு 28க்கு இறங்கியது. வேறு எதுவும் செய்யவில்லை. கவர் திறந்து ஓட்டும்போது ஜாகில் (பட்டனை அழுத்தும் வரை மட்டும் நகரும் முறை) மட்டும், மெதுவாக, கை உள்ளே இல்லாமல் ஓட்டுங்கள், ஒருவர் எமர்ஜென்சி பட்டன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

கவரும் காரணம் இல்லை, எண்ணெயும் சரி என்றால்தான் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். மோட்டாரைத் தனியாக ஓட்டினால் லோடு மிகக் குறைவாக, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மோட்டாருக்கும் டிரைவுக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம். பிறகு ஸ்க்ரூவைக் கையால் சுற்றுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும், எங்கேயும் மணல் அரைபடுகிற மாதிரி விரலில் தெரியக் கூடாது. கழற்றும் முன் மேஜைக்கும் அசையாத பெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அந்த இடத்தில் திரையில் இருக்கும் மெஷின் பொசிஷனைக் குறித்து வையுங்கள். கப்ளிங் கழன்றால் ஜீரோ மாறிவிடும், அப்புறம் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மெயின் சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால் அலாரம் போய்விடுகிறது. சூப்பர்வைசர் அப்படியே ஓட்டச் சொல்கிறார். ஆபத்தா?

பதில்: ஆமாம். சில டிரைவ்களில் மின்சாரத்தை நிறுத்தினால் அது கூட்டிவைத்த சூட்டுக் கணக்கு அழிந்துபோகும். கணக்குதான் அழிகிறது, சூடு சுருளிலேயே இருக்கிறது. மோட்டார் குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டிரைவ் புதிதாக எண்ணத் தொடங்கும். இப்படி ஒரு ஷிஃப்டில் நாலைந்து முறை செய்தால், பல சர்வோ மோட்டார்களின் சுருள் காப்பு தாங்கும் 155 டிகிரியை நோக்கி நீங்களே அதைத் தள்ளுகிறீர்கள். அலாரம் வந்தால் மின்சாரம் இருக்கட்டும், ஆக்சிஸ் நிற்கட்டும், அரை மணி நேரமாவது ஆறட்டும். அந்த நேரத்தில் கவரைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு வாசகர் டிரைவில் ஓவர்லோடு எல்லையைச் சொல்லும் பாராமீட்டரைக் கூட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறார். கூடாது. அந்த எண் அந்த மோட்டாருக்காகத் தயாரிப்பாளர் வைத்தது. அதைத் தொட்டால் அலாரத்தை மட்டும் இழப்பீர்கள், அதன் பிறகு மோட்டாரையும்.

கேள்வி: ஓவர்லோடு, ஓவர்ஹீட், எக்ஸஸ் எர்ரர் எல்லாம் ஒன்றுதானா? மெஷினுக்கு மெஷின் வேறு எண் வருகிறது, குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஒன்று இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள். ஃபேனக் கன்ட்ரோலில் 436 வந்தால் அது நான் மேலே சொன்ன கணக்குச் சூடு, சாஃப்ட் தெர்மல் என்பார்கள். 430 வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் சென்சாரே சூடாகிவிட்டது என்கிறது. 410, 411 என்றால், போகச் சொன்ன இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் வித்தியாசம் அளவை மீறிவிட்டது, 410 நிற்கும்போது, 411 ஓடும்போது. மிட்சுபிஷி சர்வோவில் 50 என்பது நேரம் கூடக் கூட வரும் ஓவர்லோடு. 51 என்பது அதிகபட்ச கரண்ட் சில நொடிகள் தொடர்ந்து ஓடியது, அதாவது எங்கேயோ மோதி நின்றோ, இறுகிச் சிக்கியோ முட்டிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு பயன் இருக்கிறது. கணக்குச் சூடு வராமல் சென்சார் சூடு மட்டும் வந்தால், மோட்டாருக்கு வெளியிலிருந்து சூடு வருகிறதா, உள்ளே பிரேக் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓவர்லோடு வராமல் ஓடும்போது எக்ஸஸ் எர்ரர் மட்டும் வந்தால் திடீர் முட்டல், கேபிள், என்கோடர் (மோட்டார் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சார்) பக்கம். எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ரீசெட்டை அழுத்துவதுதான் நம் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. போனில் ஒரு படம் எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

கேள்வி: இசட் ஆக்சிஸ் சும்மா நிற்கும்போதே லோடு மீட்டர் 45 காட்டுகிறது. இது சரியா? மாலை வேளையில் ஓவர்லோடும் வருகிறது.

பதில்: நிற்கும்போது 45 என்பது தனியாகப் பார்த்தால் சரியாகவும் இருக்கலாம். மேலும் கீழும் போகும் இசட் ஆக்சிஸ், டூலைச் சுற்றும் ஸ்பிண்டில் உள்ள தலையை எப்போதும் சுமந்துகொண்டிருக்கிறது. உதாரணத்துக்கு, எதிர் எடை இல்லாத 300 கிலோ தலை, 10 மி.மீ லீடு ஸ்க்ரூ, 12 நியூட்டன் மீட்டர் மோட்டார் என்று வைத்துக்கொண்டால், தலையைத் தாங்கிப் பிடிக்கவே ஏறக்குறைய 4.7 நியூட்டன் மீட்டர் வேண்டும். அது 39 சதவீதம். எதிர் எடையோ நைட்ரஜன் சிலிண்டரோ உள்ள மெஷினில் அதே 45 வந்தால் அது நோய்.

நிற்கும் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெதுவாக மேலே ஏற்றுங்கள், அதே வேகத்தில் கீழே இறக்குங்கள், இரண்டையும் குறியுங்கள். ஏறும்போது 60, இறங்கும்போது 20 என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 40, அது எடை. கழித்துப் பாதியாக்கினால் 20, அது உராய்வு. இன்னொரு மெஷினில் ஏறும்போது 75, இறங்கும்போது 5 என்றால் எடை அதே 40, உராய்வு 35 ஆகிவிட்டது. எண்ணெய், ஜிப், பிரேக் இவற்றில் ஒன்று. ஏறும்போது 80, இறங்கும்போது 40 என்றால் உராய்வு அதே 20, எடை 60 ஆகிவிட்டது. அங்கே சிலிண்டர் அழுத்தம் போயிருக்கும், அல்லது தலையில் யாரோ கனமான எதையோ மாட்டியிருப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, உங்கள் லோடு மீட்டர் கூட்டல் கழித்தல் குறியைக் காட்டுகிறதா என்று பாருங்கள். குறி இல்லாத மீட்டரில் 5ம் கழித்தல் 5ம் ஒரே மாதிரி தெரியும், கணக்கு தப்பிவிடும்.

இந்தக் கணக்கை நான் ஒரு பழைய ஃபிட்டரிடம் கற்றுக்கொண்டேன், சாக்பீஸால் மெஷின் கதவில் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் இசட் ஆக்சிஸ் என்றால் முதலில் இதைத்தான் செய்கிறேன்.

உராய்வு ஏறியிருந்தால் பிரேக்கை மறக்காதீர்கள். மோட்டாரின் பின்பக்கம் உள்ள பிரேக் கரண்ட் கிடைத்தால்தான் விடும். பல மெஷின்களில் 24 வோல்ட் டி.சி. பேனலில் அளந்தால் 24 இருக்கும், ஆனால் அரித்துப்போன கனெக்டரும் நைந்துபோன வயரும் தாண்டி மோட்டார் முனையில் குறைந்துவிடும், பிரேக் அரைகுறையாக விட்டு உரசிக்கொண்டே ஓடும். அதனால் மோட்டார் முனையிலேயே அளக்க வேண்டும். ஆக்சிஸ் எனேபிள் ஆகும்போது "டக்" என்று தெளிவாகச் சத்தம் கேட்க வேண்டும். மோட்டாரின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சுட்டாலும், கருகிய வாடை வந்தாலும் சந்தேகமே வேண்டாம்.

இதைக் கவனமாகப் படியுங்கள். இசட் மோட்டாரையோ கப்ளிங்கையோ தொடும் முன் தலைக்கு அடியில் கட்டாயம் முட்டுக் கொடுங்கள். பிரேக் மோட்டாருக்குள் இருக்கிறது. மோட்டார் கழன்ற நொடியில் தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. சேஃப்டி பட்டன் அழுத்தியிருக்கிறது, மெயின் ஆஃப் என்பதெல்லாம் புவியீர்ப்புக்குத் தெரியாது. தடித்த மரக்கட்டையை மேஜைக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் வைத்து, தலை அதில் உட்கார்ந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கேள்வி: காலையில் மட்டும்தான் அலாரம். பத்து மணிக்கு மேல் ஒன்றும் இல்லை.

பதில்: இரவு முழுக்க நின்றதில் வழியில் இருந்த எண்ணெய் வடிந்துபோயிருக்கும், கிரீஸ் குளிரில் இறுகியிருக்கும். காலையில் முதல் பத்து, பதினைந்து நிமிடம் எல்லா ஆக்சிஸையும் முழு நீளத்துக்கு, ரேபிட் ஓவர்ரைடு (முழு ரேபிட் வேகத்தில் எத்தனை சதவீதம்) 25ல் ஆரம்பித்து மெல்ல ஏற்றி ஓட்டுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், எண்ணெய் உண்மையிலேயே போகிறதா என்று பாருங்கள். ஒரு பட்டறையில் டேங்கில் எண்ணெய் குறையவே இல்லை, சிக்கனமான மெஷின் என்று சந்தோஷப்பட்டார்கள். குறையவில்லை என்றால் போகவில்லை. பம்ப் அழுத்தம் காட்டும், ஆனால் எண்ணெயை அளந்து விடும் கடைசி டோசிங் வால்வு அடைத்திருக்கும். கவரைத் தள்ளிவிட்டு வழியில் விரலை வைத்துப் பாருங்கள், பம்பிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் மூலையில் வையுங்கள், அங்கே ஈரம் இருந்தால் மற்ற இடத்தில் இருக்கும். ஸ்லைடுவே எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், பல மெஷின்களுக்கு அது 68 கிரேடு. கையில் இருந்த ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றிவைத்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்லும் பழக்கத்தை தயவுசெய்து விட வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு புரோகிராமில் மட்டும் இசட் ஓவர்லோடு. ஒரு பீஸில் 140 துளைகள், ஆழத் துளை, ஜி83. மற்ற வேலைகளில் வருவதே இல்லை.

பதில்: அப்படியானால் மெஷினை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஆழத் துளையைக் கொத்திக் கொத்திப் போடும் ஜி83ல் டிரில் ஒவ்வொரு கொத்துக்கும் துளையை விட்டு முழுசாக வெளியே வந்து, மறுபடி ரேபிடில் உள்ளே போகிறது. மீட்டரில் கண்ணுக்குத் தெரியும் சராசரி ஏமாற்றும். ஒரு நொடிச் சுழற்சியில் 0.4 நொடி கிளம்பவும் நிற்கவும் 180, மீதி 0.6 நொடி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 84, பயமில்லை என்று தோன்றும். வர்க்கம் போட்டுப் பார்த்தால் மோட்டார் உணரும் சூடு 115 சதவீத லோடுக்குச் சமம். அதே சுழற்சியில் அரை நொடி ஓய்வு சேர்த்தால் 95க்கு இறங்கிவிடும். அரை நொடிதான்!

ஒவ்வொரு கொத்துக்கும் அரை நொடி கொடுக்க மனம் வராது, தெரியும். சிப்ஸ் சரியாக உடையும் பொருளாக இருந்து, கூலன்ட் அடிவரை போனால், கொஞ்சம் மட்டும் பின்வாங்கும் ஜி73க்கு மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் ரேபிட் ஓவர்ரைடைக் குறையுங்கள், ஆர் பாயின்டை (டிரில் ரேபிடை விட்டு வெட்டத் தொடங்கும் உயரம்) இறக்குங்கள். பீஸின் ஒரு பக்கம் எல்லாத் துளையும் முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், நடுவில் இசட் ஓய்வெடுக்கும் வேறு வேலையைச் செருகலாம்.

டிரில் முனையையும் பாருங்கள். அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி நடுவில் உள்ள அந்தச் சின்ன உளி முனையிலிருந்து வருகிறது, அங்கே வெட்டு இல்லை, அமுக்கல்தான். அது தேய்ந்தால் மொத்த அழுத்தமும் ஏறும். 10 மி.மீ லீடு ஸ்க்ரூவில் 5000 நியூட்டன் அழுத்தம் மோட்டாரிடம் ஏறக்குறைய 8, உராய்வும் சேர்ந்தால் 9 நியூட்டன் மீட்டர் கேட்கும். புது டிரில் போட்ட முதல் பீஸில் லோடு எவ்வளவு, ஐம்பதாவது பீஸில் எவ்வளவு என்று ஆபரேட்டர் எழுதி வைத்தால் டிரிலை எப்போது மாற்றுவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஒய் மோட்டார் உறுமுகிறது, சீக்கிரம் சுடுகிறது, மெக்கானிக்கலாக எல்லாம் லேசாக இருக்கிறது. மோட்டாரை மெக்கர் (சுருள் காப்பின் ஓமை அளக்கும் மீட்டர்) பண்ணலாமா?

பதில்: பண்ணலாம், டிரைவிலிருந்து பவர் கேபிளைக் கழற்றிய பிறகு மட்டும். கழற்றும் முன் டிரைவின் சார்ஜ் விளக்கு அணைந்ததையும், டி.சி. பஸ்ஸில் (டிரைவுக்குள் இருக்கும் டி.சி. மின் இணைப்பு) வோல்டேஜ் இல்லை என்பதையும் மீட்டரால் பார்த்துவிடுங்கள். என்கோடர் முனைகளில் மெக்கரை ஒருபோதும் வைக்கக் கூடாது, அந்த நொடியில் செத்துவிடும். 500 வோல்ட்டில் சுருளுக்கும் பாடிக்கும் நடுவில் 100 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 10லிருந்து 100 வரை என்றால் சீரழிவு தொடங்கிவிட்டது, அடிக்கடி பார்க்க வேண்டும். 1லிருந்து 10 வரை என்றால் மாற்று மோட்டாருக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். 1க்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள்.

உங்கள் உறுமல் எனக்கு வேறு ஒன்றையும் சொல்கிறது. மூன்று ஃபேஸில் ஒன்று சரியாக வராமல் இருந்தால் மோட்டார் இப்படித்தான் உறுமும், பலமில்லாமல் சுடும். சுருளின் மூன்று ஜோடி ஓம் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த அளவு மிகச் சிறியது, மீட்டர் வயர் ஓமைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மோட்டார் முனையில் சரியாக இருந்து, பேனல் முனையில் கேபிளோடு சேர்த்து அளக்கும்போது ஒன்று மட்டும் தள்ளாடினால் கேபிள் செயினுக்குள் வயர் நைந்திருக்கிறது. ஒருவர் செயினை மெல்ல வளைக்க, ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும், தனியாக ஓடாது இந்த வேலை. கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே பச்சைப் படிவோ வெள்ளைப் பொடியோ இருந்தால் கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. சுத்தம் செய்து மாட்டும்போது, கேபிள் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி கட்டுங்கள், வழியும் கூலன்ட் அந்த வளைவில் சொட்டிப் போகும்.

கேள்வி: நாலாவது ஆக்சிஸ் ரோட்டரி டேபிள் சுற்றத் தொடங்கியதும் ஓவர்லோடு. பீஸ் சின்னதுதான்.

பதில்: டேபிளைச் சுற்றாமல் பிடிக்கும் கிளாம்ப் விடவில்லை என்று பந்தயம் கட்டுவேன். அன்கிளாம்ப் கட்டளை போனதும் காற்று அல்லது ஹைட்ராலிக் அழுத்தம் உண்மையில் மாறுகிறதா, வால்வின் சாலினாய்டு (மின்காந்தம்) இழுக்கிறதா, அன்கிளாம்ப் சென்சார் பொய்யாகச் சரி என்று சொல்கிறதா என்று பாருங்கள். டேபிளைச் சும்மா கிளாம்ப் அன்கிளாம்ப் செய்து பக்கத்தில் காதை வைத்தாலே தெரியும். அது சரி என்றால் பீஸைப் பிடிக்கும் ஃபிக்ஸர் ஒரு பக்கம் கனமாக இருக்கிறதா பாருங்கள். பீஸ் சின்னது என்றீர்கள், ஃபிக்ஸரைப் பற்றி எழுதவில்லை. கனமான பக்கம் மேலே ஏறும்போது லோடு கூடி, இறங்கும்போது குறைந்தால் எதிர்ப்பக்கம் எடை கட்டிச் சமப்படுத்த வேண்டும். கிளாம்ப் போடாமலே மில்லிங் செய்கிற புரோகிராமும் உண்டு, வெட்டும் விசை முழுவதையும் அந்தச் சின்ன மோட்டார் தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். டேபிள் சுற்றாமல் நிற்கும் இடத்தில் கிளாம்ப் போடுங்கள்.

கேள்வி: பாலம் போன்ற கேன்ட்ரி மெஷினில் ஒரே ஆக்சிஸுக்கு இரண்டு மோட்டார். நிற்கும்போது ஒன்று கூட்டல் 50, இன்னொன்று கழித்தல் 50.

பதில்: இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. பாலம் கோணலாகிவிட்டது, அல்லது ஒரு பக்கத்து ஜீரோ மாறிவிட்டது. தயாரிப்பாளர் சொன்ன முறையில் இரண்டு பக்கத்தையும் மறுபடி சேர்த்து வைக்க வேண்டும். நீங்களாக ஒரு மோட்டாரை மட்டும் நகர்த்திப் பார்க்காதீர்கள், வழியில் சறுக்கும் கைடு பிளாக் போய்விடும்.

கேள்வி: மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் அண்ணா. அலாரம் வரும் முன்பே கண்டுபிடிக்க என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. உன் மெஷின்கள் நன்றாக ஓடும்போதே எண்களை எழுதி வை. ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் நிற்கும்போது, 500 வேகத்தில் இரண்டு திசையிலும், ரேபிடில் உச்சம், இவ்வளவுதான். மாதம் ஒரு முறை, வார்ம்-அப் முடிந்ததும், மேஜையில் எதுவும் இல்லாமல். ஃபேனக் கன்ட்ரோலாக இருந்தால் டயக்னோசிஸ் 308ல் மோட்டாரின் வெப்பமும் 309ல் என்கோடரின் வெப்பமும் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள். பேனல் ஃபேன் சுற்றுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று அதே நாளில் பார். சூடு தாங்கவில்லை என்று பேனல் கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைப்பவர்கள் இருக்கிறார்கள், எண்ணெய்ப் புகை முழுவதும் டிரைவ் போர்டில் படியும், நீ செய்யாதே.

மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒரு ஆக்சிஸ் 22லிருந்து 31க்கு ஏறியிருக்கும். ஒரு அலாரமும் வந்திருக்காது, யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கவரைத் திறந்து, வைப்பர் ரப்பரைப் புரட்டிப் பார், எண்ணெய் வால்வைக் கழற்றிப் பார். கிடைத்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.